அகர வரிசையில் அடுக்கிய போத்தல்கள்

இரசாயன ஆசிரியையாக மாற்றலாகி வந்த முதல் நாள், கல்லூரியின் இரசாயனக் களஞ்சிய அறையைத் திறந்தபோது உள்ளே பனி இறங்கியிருந்தது. மன்னார்த் தீவின் ஓகஸ்ட் வெக்கையில் பனி எப்படி என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. மேல் யன்னலால் விழுந்த வெயிலுக்குள் வெண்புகை மெல்லச் சுழன்றது. போத்தல்கள் மாப்பூசியதுபோல வெளுத்திருந்தன. நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் நிற்பதுபோல நின்றேன்.

பின்னால் வந்த உயிரியல் ஆசிரியை என் கையைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், வெளியால வாங்கோ!"

விறாந்தையில் நின்று இருவரும் இருமினோம். கண்கள் எரிந்தன. மைதானத்துக் கழுதைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

அவர் முசலிப் பக்கத்தவர். இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லாத காலம் முழுவதும் அந்த அறையை அவர்தான் பார்த்தார். விடுமுறைக்கு முன் எல்லாப் போத்தல்களையும் அகர வரிசையில் அடுக்கி, தன் அழகான கையெழுத்தில் பெயரும் ஒட்டியிருந்தார். அமோனியாவும் ஐதரோக்குளோரிக்கமிலமும் ஒரே தட்டில் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

"முந்தியும் வெள்ளையாப் படிஞ்சது. கடல் உப்பெண்டு நினைச்சுத் துடைச்சுப்போட்டன்."

"ஆரும் அப்பிடித்தான் நினைப்பினம். மூடி கொஞ்சம் இளகினாலே போதும், இரண்டின்ர ஆவியும் சேர்ந்து இப்பிடிப் புகையாகும்."

"பிள்ளையள் தேடி அலையக்கூடாதெண்டுதான் டீச்சர்..." அவர் குரல் உடைந்தது.

கதவையும் யன்னல்களையும் விரியத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். கடற்காற்று புகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. பிறகு கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினோம். அமிலங்களைக் கீழ்த்தட்டில் பிளாஸ்ரிக் தட்டங்களுக்குள் வைத்தோம். அமோனியாவை அடுத்த அறை அலுமாரிக்குக் கொண்டுபோனோம்.

"எதனோல்?" என்று கேட்டார்.

"நெருப்புப் பிடிக்கிறதுகள் தனிய. நைத்திரிக்கமிலத்துக்குக் கிட்டவும் விடக்கூடாது."

"வகுப்பில சண்டை பிடிக்கிறவையைப் பிரிச்சு இருத்துற மாதிரி." அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை. மூலையில் ஒரு பழைய சோடாப் போத்தல் இருந்தது. பெயர் ஒட்டவில்லை. உள்ளே தண்ணீர்போலத் தெளிந்த ஏதோ ஒன்று. யார் எப்போது ஊற்றி வைத்ததென்று அவருக்கும் தெரியாது.

"தாகத்தில ஆரும் பிள்ளை எடுத்துக் குடிச்சிருந்தால்?" என்றபடி கதிரையில் இருந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன். திறந்து மணந்து பார்க்கவில்லை. 'என்னவென்று தெரியாது, தொடவேண்டாம்' என்று எழுதி ஒட்டி, தனியே பூட்டி வைத்தோம்.

பின்னேரம் பஸ் நிலையத்துக்குச் சேர்ந்து நடந்தோம். வானமும் கடலும் ஒரே சாம்பல் நீலமாய்க் கிடந்தன. அவருடைய பஸ்தான் முதலில் வந்தது. ஏறும்போது திரும்பி, "நாளைக்கு வெள்ளன வாறன் டீச்சர். மேல்தட்டு இன்னும் கிடக்கு," என்றார்.

"ஓம், நானும் வாறன்."