மணிக் கம்பத்து எருது

பழுகாமம் போகும் வழியில் ஒரு சிறு தேவாலயத்தின் மணி விடாமல் அடிக்கிறது. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன். மணிக் கம்பத்தில் கட்டிய எருது ஈ விரட்டத் தலையாட்டும்போதெல்லாம் கம்பம் குலுங்குகிறது.

"கோயிலுக்குப் போற ரெண்டு சைவக் குடும்பத்துக்கு இது ஆருட மாடெண்டு சண்டை," என்கிறார் வெளியே வந்த போதகர். "பாஸ்டர்தான் பொதுவான ஆளெண்டு என்னட்டக் கொண்டந்து விட்டிருக்காங்க."

"மரத்தில் கட்டலாமே?"

"ரெண்டு வீட்டுக்கும் சரிநடு இந்தக் கம்பம்தான். அளந்து பாத்துத்தான் கட்டினவங்க."

மணி கேட்டு வேதாகமத்தோடு ஆட்கள் வருகிறார்கள். மாட்டுக்குக் காவலாக வந்த இரு குடும்பங்களும் கடைசி வாங்குகளில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகின்றன. உள்ளே இடமில்லை.

"சண்டை தீர வேண்டாமா, பாஸ்டர்?"

"தீரோணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபிக்கிறன்," என்று என் காதருகே குனிகிறார். "கொஞ்சம் சத்தமில்லாமத்தான்."