கொப்பிக் கடைக் கோப்பி

போன திங்கட்கிழமை காலை, தயா அக்காவின் கடைக் கதவு பூட்டியிருந்தது.

தயா அக்காவை உங்களுக்குத் தெரியும். மானிப்பாயில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தவர். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கேத்திலும் வைத்து, நோட்ஸ் கொப்பி எடுக்கப் போகிற மாணவர்களுக்குக் கோப்பி விற்றவர். இரண்டு மாதத்துக்கு முன் பேப்பரில் இதே பத்தியில் எழுதினேனே... நினைவிருக்கிறதா?

நான் கரவெட்டிக்காரி. வாடகை குறைவென்று மானிப்பாயில் அறை எடுத்து, சைக்கிளில் கம்பஸுக்குப் போகிறவள். காலையில் ஒரு கோப்பி உள்ளே போகாவிட்டால் எட்டு மணி லெக்சரில் கண் திறக்காது. கன்ரீன் கோப்பியோ — சுடுதண்ணிக்குத் தூரத்துச் சொந்தம். டவுணில் ஏசி போட்ட கடைகளில் நல்லதாகத்தான் தருகிறார்கள். ஆனால் அதைக் குடித்த அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இல்லையா என்று ஒரு வருடம் அலைந்து கண்டுபிடித்த இடம் அது. அக்காவே வறுத்து இடித்த தூள். கொஞ்சம் சுக்கு. கையைச் சுடுகிற கிளாஸ்.

சந்தோஷம் தாங்கவில்லை. எழுதிவிட்டேன். எந்தச் சந்தி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம்.

வாசித்துவிட்டு நீங்கள் போனீர்கள். குடும்பத்தோடு போனீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். வாசலில் கார்கள் நின்றன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை!

இப்போது பூட்டு.

விசாரித்துக்கொண்டு உடுவிலில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் மெஷின் நின்றது. மேலே ஒரு பழைய பெட்ஷீற்.

"கட்டிடக்காரர் கடையை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டார், பிள்ளை. இவ்வளவு சனம் வாற இடமெண்டு தனக்குத் தெரியாமல் போச்சாம். தன்ரை மருமோன் அதிலை கோப்பிக் கடை போடப்போறானாம்" என்றார் அக்கா.

"வேறை இடம் பார்க்கேல்லையோ?"

"பிள்ளையள் வாற பக்கமெல்லாம் வாடகை ஏறிப்போச்சு. இந்த ஒழுங்கைக்குள்ளை ஆர் கொப்பி எடுக்க வருவினம்?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நான் எழுதினதாலையோ அக்கா?"

அவர் பெட்ஷீற்றின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நீ நல்லதுக்குத்தானே எழுதினனீ."

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"இரு, கோப்பி போடுறன்" என்று உள்ளே போனார். அதே சுக்கு, அதே சூடு. எனக்குத்தான் பாதிக்கு மேல் இறங்கவில்லை. காசை நீட்டினேன்.

"வீட்டுக்கு வந்த பிள்ளையிட்டைக் காசு வாங்கிறதோ?" கையைத் தள்ளிவிட்டார்.

அத்தோடு அந்தக் கோப்பியும் போயிற்று. கடை என்றால் நாளைக்கும் போகலாம். நான் பிழைப்பைக் கெடுத்த வீட்டில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? சும்மா கிடைக்கிற கோப்பியைப் போல விலை கூடியது வேறில்லை.

திரும்பும் வழியில் பார்த்தால், பழைய கடைக்குக் கண்ணாடிக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார்கள். விலைப்பட்டியல் ஏற்கனவே சுவரில். எட்டிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டை மட்டுமல்ல, இரவுச் சாப்பாட்டையும் மறக்க வேண்டும். உள்ளே நின்ற கட்டிடக்காரரின் மருமகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கள்தானே பேப்பரிலை எழுதுறது? திறப்பு விழாவுக்கு வாங்கோ. எங்களைப் பற்றியும் நாலு வரி போடுங்கோ."

நான் சைக்கிளை உருட்டினேன்.

உங்கள் பக்கத்தில் நல்ல கோப்பி மலிவாகக் கிடைக்கிறதா? தயவுசெய்து எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.