தேனும் பிசினும் இடம் மாறிய தகூத்

எங்கள் வர்கான் ஊரில் பிள்ளை பிறந்தால் நாக்கில் தேனும் உள்ளங்கையில் பிசினும் தடவுவோம். பேச்சு இனிக்க வேண்டும். கைக்கு வந்த காசு ஒட்டிக்கொள்ள வேண்டும். தகூத் பிறந்த அன்று சீனப் பட்டோடு ஒட்டகக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. சரக்குப் பார்க்க ஓடும் அவசரத்தில் மருத்துவச்சி மாற்றித் தடவிவிட்டாள். நாக்கில் பிசின், கையில் தேன்.

அவனைக் கடைத்தெருவில் யாரும் அண்டவிடவில்லை. ஊரே வியாபாரம் செய்து கொழித்தபோது, அவன் கோட்டைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு ஆறு தடம் மாறியது. தண்ணீர் இல்லாத ஊருக்கு ஒட்டகம் ஏன் வரும்? சமர்கந்து வணிகர்கள் தெற்கே சுற்றிப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். சபையில் இதை எடுத்துச் சொன்னேன்.

"நாலெழுத்து படிச்சுட்டா ஆத்துக்கே வழி சொல்லுவியா? உக்காருடா," என்றார் தலைவர் வகுஷக். "கதவைத் தொடுற கையில பிசின் இல்ல. செல்வம் எப்படி நிக்கும்? தகூத்தை ஊரைவிட்டுத் துரத்துங்க."

வேறு ஊரையே பார்த்திராத தகூத் தலைவர் காலில் விழுந்தான். "ஐயா, வேணும்னா இன்னொரு தடவை பொறந்துக்கிறேன்!"

சபை யோசித்துத் தீர்ப்பு சொன்னது. மறுபடி தடவும் பிசினில் காசு ஒட்டினால் ஆயுசுக்கும் ஊரில் இருக்கலாம். ஒட்டாவிட்டால் அன்றே வெளியேற வேண்டும்.

மீசையோடு அவனைத் துணியில் சுற்றி மாட்டுத் தொட்டியில் கிடத்தினோம். அவன் மனைவி ரேவாத் அதட்டினாள்: "அழுய்யா! பொறந்த புள்ள சும்மாவா கெடக்கும்?"

"வெக்கமா இருக்கு புள்ள."

"ஊரைவிட்டுப் போறதுக்கு இது தேவலாம். அழு!"

அழுதான். பார்வை மங்கிய அதே மருத்துவச்சி, "ஆணா, பொண்ணா?" என்று விசாரித்துவிட்டுத் தடவினாள். தலைவர் தன் வெள்ளிக்காசை அவன் கையில் வைத்துப் பார்த்தார். மூன்று பேர் இழுத்தும் வரவில்லை.

"ஒட்டிக்கிச்சு! தகூத் இனி நம்ம ஊர்க்காரன்!" என்று கூட்டம் கூவியது. "என் காசுடா!" என்று தலைவர் மட்டும் கத்தினார்.

ஒட்டகம் வரவில்லை. கிணறும் வற்றியபோது முதலில் மூட்டை கட்டியவர் தலைவர்தான். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் கிளம்பினோம்.

"வாடா தகூத், கெளம்பு," என்றார்.

"நான் எதுக்கு வரணும்? ஆயுசுக்கும் இருக்கலாம்னு நீங்கதானே தீர்ப்பு சொன்னீங்க?"

"ஊரே போகுதேடா!"

"போறவங்க போங்க. கெணத்தடியில கசியுற ஊத்துத் தண்ணி ரெண்டு பேருக்குக் காணும்."

அதற்குள் ரேவாத் தலைவர் வீட்டு மாடியில் தங்கள் கம்பளத்தை உதறத் தொடங்கிவிட்டாள். தூசி எங்கள் தலையில் விழுந்தது.

"அடியே, அது என் வீடு!"

"காத்து நல்லா வருதுண்ணே," என்றாள் அவள். "சுவருக்குத்தான் சுண்ணாம்பு அடிக்காம வச்சிருக்கீங்க."