குடை, கிணறு, வெற்றிலை

என் மாமியாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று முதலில் சொன்னவள் நானில்லை. நான் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். மருமகள் வேறு எப்படிச் சொல்வாள் என்று என் வாயை அடைத்திருப்பார்கள். சொன்னவர் என் கணவரின் அண்ணன், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துப் பெற்ற தாய், "யாரு நீங்க? பூவெல்லாம் வேணாம், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். மனிதர் பூக்கூடையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நயா பைசா வந்து சில வருடங்கள் ஆகியும் எல்லோரும் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்தோம். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாய் திறப்பதில்லை என்று கலியாணத்தன்றே முடிவு செய்துகொண்டவர். அதனால் வீட்டில் பேச்சு முழுவதும் எங்கள் இருவருடையதுதான். மாமியார் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சரம்மா என்பார். மரியாதை இல்லை அது, சுத்தமான நக்கல். டீச்சரம்மா வைத்த ரசத்தில் பாடம் இருக்கிறது, புளியைத்தான் காணோம் என்பார். நானும் சும்மா விடமாட்டேன். வீட்டுச் சாவிக் கொத்து அவர் இடுப்பில் இருந்தது. அரிசி எடுக்கக்கூட அவரிடம் போய் நிற்க வேண்டும். அந்தக் கொத்துக் குலுங்குகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமனார் இறந்த பிறகு மாமியாருக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்துத் தெருவில் அப்போது இருந்த டாக்டர் பதினைந்து நாள் சாப்பிடச் சொல்லி ஒரு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். ரத்தக் கொதிப்பும் லேசாக இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார். பிறகு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மருந்து மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் பாட்டிலை நாம்தான் கழுவிக் கொண்டுபோக வேண்டும். மருந்துக் கடைக் கம்பவுண்டர் அதில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். தீர்ந்தால் நான் பாட்டிலை நீட்டுவேன், அவர் ஊற்றுவார். எத்தனை நாளைக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து மாதம் ஓடிவிட்டது.

உப்பு விஷயத்திலும் அப்படித்தான். டாக்டர் குறைக்கச் சொன்னார், நான் அறவே நிறுத்திவிட்டேன். சொன்னதற்கு மேல் ஒரு படி செய்தால்தான் எனக்குத் திருப்தி. உப்புச் சாடியைப் பரண்மேல் ஏற்றிவைத்தேன். மாட்டுக்குத் தவிட்டில் போடுகிற உப்புக்கூட எனக்கு இல்லையா என்று மாமியார் முதல் மாதம் முழுக்கச் சண்டை பிடித்தார். சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தார், தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடமாட்டேன் என்றார். அப்புறம் ஒரு கட்டத்தில் சண்டை நின்றுவிட்டது. பணிந்துவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினார். பேச்சுக் குழறியது. நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டார். இறந்துபோன மாமனாருக்கு வெற்றிலை மடித்து வைத்துவிட்டு, இன்னும் வரவில்லையே என்று தெருவைப் பார்த்தார். ஒருநாள் சாவிக் கொத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு வந்தார். எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்கே என்று அவர் கேட்கக்கூட இல்லை. செபமாலையை மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு, வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதிதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வேறு மாதிரி யோசித்தார். தெற்கே ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் விட்டால் தெளிந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கே காலில் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டிவைப்பார்கள் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவை ஏதோ பிடித்திருக்கிறது, பிள்ளை என்று ஒருவன் இருந்து பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று அழுதுகொண்டேதான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கட்டுவதென்றால் முதலில் என்னைக் கட்டுங்கள், இந்த வீட்டில் அதிகம் கத்துகிறவள் நான்தான் என்றேன். அன்றைக்குத்தான் என் கணவர் வாயைத் திறந்தார். லேடி டாக்டர் ஒருவரிடம் காட்டுவோம், அவர் கைவிட்டால் உன் இஷ்டம் என்றார். அண்ணன் ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் வரும் மாதா பிறந்த திருநாள் வரைக்கும் கெடு வைத்தார்.

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒல்லியான அம்மா, கண்ணாடி போட்டவர். காதில் மாட்டும் குழாயை எடுக்கவில்லை, ஊசியைத் தொடவில்லை. நாற்காலியை மாமியாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல் கேட்க ஆரம்பித்தார். இன்றைக்கு என்ன கிழமை? மாமியார் சிரித்தார், சொல்லவில்லை. இது என்ன காலம்? தவக்காலம் என்றார். ஈஸ்டரோடு தவக்காலம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"குடை, கிணறு, வெத்தல. மூணையும் மனசுல வச்சுக்கங்கம்மா. செத்த நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார் டாக்டர். பிறகு, பத்துப் பேருக்குக் கறிக்குழம்பு வைக்க வேண்டும், எப்படி வைப்பீர்கள் என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. திருவிழாவுக்கு ஐம்பது பேருக்குத் தனியாளாக ஆக்கிப் போட்ட கை அது. மாமியார் அரிசியைக் களைந்து என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பார்த்து அப்படி விழித்ததே இல்லை. மூன்று பொருளையும் கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. செபமாலை முழுக்கச் சொல்வார் டாக்டர், கேட்டுப் பாருங்கள் என்றேன். அது நாக்குக்குத் தெரிந்தது, யோசிக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன் என்றார் அவர்.

அப்புறம்தான் உடம்பைப் பார்த்தார். முகத்தில் இருந்த பருக்களைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். மருந்தெல்லாம் ஒன்றுமில்லை, தூங்குவதற்கு ஒரு மிக்ஸ்சர் மட்டும் என்றேன். போகிற வழியில் ஊற்றிக்கொண்டு போகலாமென்று காலிப் பாட்டில் என் கூடையிலேயே இருந்தது. வாங்கி மோந்து பார்த்தார். அடியில் கிடந்த சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். எத்தனை நாளாக? பத்து மாதமாக. சாப்பாட்டில் உப்பு? அறவே நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அதில் இருப்பது புரோமைடு, வயதானவர்கள் உடம்பை விட்டு லேசில் போகாது, சேர்ந்து சேர்ந்து மூளையை மந்தமாக்கிவிடும், உப்பில்லாமல் சாப்பிட்டால் இன்னும் அதிகமாகத் தங்கும், முகத்துப் பருவும் அதனால்தான் என்று விளக்கினார். பத்து மாதமும் மூன்று வேளையும் பல் வெட்டிய அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அளந்து ஊற்றியவள் நான்தானே.

"மருந்தால வந்ததா, வயசால வந்ததான்னு இப்பச் சொல்ல முடியாதும்மா. மருந்த நிறுத்துங்க, உப்புப் போடுங்க, தண்ணி நெறையக் குடுங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் கேட்டுப் பாக்குறேன்" என்றார். வயதால் வந்தது என்றால் என்ன மருந்து என்று கேட்டேன். மருந்து இல்லை என்றார். பாட்டிலை அவரே வைத்துக்கொண்டார்.

முதல் பத்து நாள் தூக்கமில்லாமல் மாமியார் பட்டபாடும் எங்களைப் படுத்தியபாடும் சொல்லி முடியாது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, முன்னைக்கு இப்போது மோசம் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே பிள்ளைகளைத் தயார் செய்துவிடுவோம். திண்டுக்கல் எந்த ஜில்லா? மதுரை ஜில்லா. கேட்கப்போவது தெரியும், பதிலும் தெரியும், உருப்போட வேண்டியதுதான் பாக்கி. அதேபோல மாமியாரை உட்காரவைத்து ஆரம்பித்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்து ஒரு தடவை. அத்தை, இன்றைக்கு என்ன கிழமை? அத்தை, அந்த மூன்று என்ன? கறிக்குழம்பையும் விடவில்லை. முதலில் என்ன, அடுத்தது என்ன என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். டாக்டரை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. சங்கிலி விழாமல் இருந்தால் போதும் எனக்கு.

மூன்றாவது வாரத்தில் குடை வந்தது. நான்காவது வாரத்தில் கிணறும் வெற்றிலையும் வந்தன. நடை நேரானது, கண் தெளிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. ஒரு தடவை எங்கள் இன்ஸ்பெக்டர் ஜில்லாவைக் கேட்காமல் உன் பெயர் என்ன என்று கேட்டுவிட்டார். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, மதுரை ஜில்லா சார் என்றாள். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. மாமியாருக்கு நிஜமாகவே தெளிந்துவிட்டதா, இல்லை செபமாலையோடு இதுவும் ஒரு மனப்பாடமா? அளந்து பார்க்க இருந்த ஒரே படியையும் நானே நசுக்கி வைத்திருந்தேன். வேறு கேள்வி எதுவும் கேட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை போனோம். அண்ணனும் வந்திருந்தார், பெஞ்சின் ஓரத்தில் துண்டை முறுக்கிக்கொண்டு. டாக்டர் கிழமையைக் கேட்கவில்லை. அடுத்து வருகிற திருநாள் எது, அதற்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை.

"கொடியேறி நாலு நாளாச்சு. அடுத்த சனிக்கெழம மாதா பொறந்த நாளு" என்றார் மாமியார். பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "திருநா நேரம், பூ எடுக்க ஆளு பத்தாது. எம் மகன் தோட்டத்த விட்டுட்டு இங்க என்னத்துக்கு வந்து உக்காந்திருக்கான்?" அண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

டாக்டர் மூன்று பொருள் சொன்னார். குடை இல்லை, கிணறு இல்லை, வெற்றிலையும் இல்லை. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. குழம்பையும் கேட்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தீர்கள், சாவி தொலைந்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

மாமியார் கொஞ்சம் யோசித்தார். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்காரனைத் தேடுவது ஒரு கஷ்டமா, கூப்பிட்டால் அவன் வந்து திறந்துவிட்டுப் போகிறான் என்றார். அதோடு நிறுத்தவில்லை. "நான் சாவியத் தொலைக்கிற ஆளு இல்ல டாக்டரம்மா. எம் மேலுக்கு முடியாமப் போகவும் இவ எடுத்துச் சொருகிக்கிட்டா. இந்தா பாருங்க இவ இடுப்புல. மொதல்ல அத வாங்கிக் குடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே அந்த மூன்று பொருளையும் கேட்டார். மாமியார் மூன்றையும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் காட்டிக்கொடுத்தார். "இவ ஒரு மாசமா எனக்குப் பாடம் நடத்துனா. குடை, கெணறு, வெத்தல, கறிக்கொழம்பு. நீங்க அதுல ஒண்ணும் கேக்கலியே. அம்புட்டும் வீணாப் போச்சு."

வீட்டில் டீச்சர் இருந்தால் நான் எப்போதும் மாற்றித்தான் கேட்பேன் என்றார் டாக்டர். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, உங்கள் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் அந்த மருந்து செய்த வேலை என்றார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், ஆஸ்பத்திரி என்று பார்க்காமல் அழுதேன். அழுதுகொண்டே சாவிக் கொத்தை எடுத்து நீட்டினேன். மாமியார் வாங்கி ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்துவிட்டுச் செருகிக்கொண்டார். அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இல்லை.

குதிரை வண்டியில் திரும்பும்போது, "டீச்சரம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "டாக்டரம்மா இன்னைக்கு மூணு சொன்னாகளே, என்னென்ன?"

வாயைத் திறந்தேன். குடை, கிணறு, வெற்றிலைதான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அண்ணன் வண்டி குலுங்கச் சிரித்தார். அடுத்த மாதம் உன்னைத்தான் கொண்டுவந்து காட்ட வேண்டும் போலிருக்கிறதே என்றார் மாமியார். சொல்லுங்கள் அத்தை என்று கெஞ்சினேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். சண்டைக்குக் குறைவில்லை. நான் ஜெயிக்கப் போகிறேன் என்று தெரிந்தால் போதும், முதலில் அந்த மூன்று என்னவென்று சொல்லு என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன். கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை. அவருக்கே அது மறந்துபோயிருக்குமோ என்று பின்னாளில் எனக்கு ஒரு சந்தேகம் வந்ததுண்டு. ஆனால் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு பரீட்சை போதும் என்று விட்டுவிட்டேன்.