வழியனுப்பப் போய் மண்டியா வரை

எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், வழியனுப்ப வருகிறவர்கள்தான் முதலில் ரயிலேற வேண்டும். இருக்கையைத் துடைப்பது, பையை மேலே ஏற்றுவது, புளியோதரை டப்பாவைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பயணம் போகிறவர் அதுவரை மகாராஜா மாதிரி பிளாட்ஃபாரத்தில் நிற்பார். முன்பதிவு செய்த இருக்கை எங்கும் ஓடிப்போகாது என்று தெரிந்தும் இந்த வழக்கத்தை நாங்கள் விட்டதில்லை.

இதற்குத் தைரியம் கொடுத்ததே, நேரத்துக்கு வண்டி எடுக்காத ரயில்வேதான். மைசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே ஒற்றைப் பாதை இருந்தபோது, எதிர்வண்டிக்காக நின்று நின்று போன ரயிலில் வளர்ந்தவன் நான். ரயில்வேயைக் கிண்டல் செய்யாமல் நான் சாப்பிட்டு எழுந்த கல்யாணப் பந்தி கிடையாது. பிறகு இரட்டைப் பாதை போட்டார்கள், மின்கம்பி இழுத்தார்கள். என் வாய் மட்டும் மாறவில்லை.

குழந்தைகள் வளர்ந்த பிறகு என் மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தீர்மானித்தாள். மைசூரிலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஆனால் அசல் சான்றிதழ்களைப் பெங்களூரில் இருக்கும் அவர்களுடைய தலைமை அலுவலகத்தில், குறித்த நாளில், மதியத்துக்குள் நேரில் காட்ட வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. கல்யாணமானதிலிருந்து அவள் தனியாக ரயிலேறியதே இல்லை. துணைக்கு வருகிறேன் என்றேன்.

"ஏன்னா, வேண்டாம். நானே போய்ட்டு வரேன்" என்றாள்.

சரி, வழியனுப்பவாவது போவோம் என்று காலையில் கிளம்பினேன். வழக்கப்படி அவளைப் பிளாட்ஃபாரத்தில் நிறுத்திவிட்டு, பையோடும் சான்றிதழ் ஃபைலோடும் உள்ளே போனேன்.

"ஏன்னா, பேகா பேகா, சீக்கிரம் இறங்குங்கோ. டைம் ஆயிடுத்து" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"என்னிக்குடி இது டைமுக்குக் கிளம்பிருக்கு? ஆராமா இரு" என்று சொல்லிவிட்டு இருக்கையை இன்னொரு முறை துடைத்தேன்.

பழைய டீசல் எஞ்சின் என்றால் ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் கிளம்பும், இறங்க அவகாசம் இருக்கும். இது மின்சார எஞ்சின். நிமிர்ந்து பார்த்தபோது பிளாட்ஃபாரத்துத் தூண்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வாசலுக்கு ஓடினேன். "பேடா சார், பேடா!" என்று கன்னடத்தில் தடுத்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். பிளாட்ஃபாரம் முடிந்துவிட்டது.

போன் அடித்தது. "எங்கே இருக்கேள்?"

"ரயில்ல."

"ஃபைல்?"

"எங்கிட்டதான் இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னாள்: "அடுத்த வண்டிக்கு டிக்கெட் வாங்கிக்கறேன். நீங்க வழியில மண்டியா ஸ்டேஷன்ல இறங்கி நில்லுங்கோ. ஃபைலைக் கீழ வைக்காதேங்கோ."

டிக்கெட் பரிசோதகர் என் பிளாட்ஃபார்ம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதையைச் சொன்னதும் பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அபராதமும் போட்டார். பக்கத்து இருக்கை அம்மாள் "பாவம், அவங்க பசியோட இருப்பாங்களே" என்றார். அப்போதுதான் புளியோதரையும் என்னிடமே இருப்பது உறைத்தது.

மண்டியாவில் இறங்கி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வண்டி சரியான நேரத்தில் வருகிறது என்று பலகையில் எழுத்து ஓடியது. நம்ப மனம் வரவில்லை. இந்த ரயில்வேயை எத்தனை நாள் வாய் கூசாமல் திட்டியிருக்கிறேன்! அத்தனைக்கும் இன்றைக்குப் பழிவாங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. அன்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன்.

சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது. அத்தனை கூட்டத்திலும் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். ஓடிப்போய் ஃபைலைக் கொடுத்தேன், பையைக் கொடுத்தேன், டப்பாவைக் கொடுத்தேன். பழக்கதோஷம், என் கால் படியில் ஏறியது.

"நீங்க ஏறவேண்டாம்" என்று உள்ளங்கையைக் காட்டித் தடுத்தாள். "உக்கார இடம் நானே பிடிச்சாச்சு. ஆத்துக்குப் போங்கோ."

காலைக் கீழே வைத்தேன். வண்டி நகர்ந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரே சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் ஒருவரை உருப்படியாக வழியனுப்பியது அன்றைக்குத்தான்.