நிறுத்தாமல் இறைத்த கிணறு

அந்த வெங்காயப் போகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். அரசு போட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. வரிசையில் நின்றால் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் கிடைக்கும். மின்சாரத்தை மறந்தே போயிருந்தோம்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கிணற்றில் பாதி எனக்கு, மற்றப் பங்கு பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு. சொந்தமில்லை, வாய்முறைக்குத்தான் அக்கா. அவர் வாளியால் அள்ளி ஊற்றினார். குடிப்பதற்கும் அதே தண்ணீர்தான். என்னிடம் இறைக்கிற மெசின் இருந்தது. அது மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் தொடக்கி வைக்க நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். அந்தச் சொட்டுகளை மருந்துப் போத்தலில் அடைத்துச் சாமியறையில் வைத்திருந்தேன்.

அதனால் ஒருமுறை மெசின் ஓடத் தொடங்கினால் எண்ணெய் தீரும்வரை நிறுத்தமாட்டேன். பாத்தி நிரம்பி வாய்க்கால் வழிந்தாலும் ஓடட்டும் என்று விட்டேன். பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்ற பெருமை வேறு.

"தம்பி, கொஞ்சம் விட்டு விட்டு இறையுங்கோ. ஊற நேரம் குடுக்காட்டி அடியிலை கிடக்கிற உப்புச் சவர் மேலை வந்திடும்" என்றார் அக்கா.

"நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் ஆர் தாறது? நீங்களோ தரப்போறியள்?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன வாய் எனக்கு!

மூன்றாம் கிழமை வெங்காயத் தாளின் நுனி கருகியது. என் தோட்டத் தறையில் மட்டுமல்ல, அவருடையதிலும். வீட்டில் தேத்தண்ணீர் கரித்தது. தடை போட்டவர்களை வாய் ஓயாமல் திட்டினேன். ஆனால் கிணற்றைச் சவராக்கியது அவர்கள் இல்லையே. அது தெரிந்ததால் இன்னும் கூடத் திட்டினேன்.

அன்று பின்னேரம் அக்கா இடுப்பில் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் குப்பி.

"எங்கடை வீட்டுக்காரரின்ரை மோட்டச்சைக்கிளிலை கிடந்த பெற்றோல், தம்பி. மாமிக்கு மூச்சிழுப்பு வந்தால் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போக எண்டு வைச்சிருந்தனான். மாரி மழைக்குக் கிணறு தெளியும். அப்பவாவது நடுவிலை நிப்பாட்டி இறையுங்கோ."

அதை வாங்க எனக்குக் கை நீளவில்லை. அவரே குப்பியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, நல்ல தண்ணீர் அள்ள அடுத்த ஒழுங்கைக் கிணற்றுக்கு நடந்தார்.