சன்னலோரத்துக் காலி இடம்

மேற்பார்வையாளர் வந்து என் வகுப்பைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் என் தற்காலிக ஆசிரியை வேலை நிரந்தரமாகும். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் குளிர்ந்த கேமரன்மலைத் தோட்டத்துப் பள்ளியில், அந்தப் பயத்திலேயே பெஞ்சுகளைத் தேயிலை நிரையைவிட நேராகப் போட்டு வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் கீழே ஈப்போ நகரத்துக்கு ஏதோ பயிற்சிக்குப் போய்த் தொலைந்தார். திரும்பி வந்தவர், "பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் குடுங்க டீச்சர். உக்கார்ற எடத்தையாவது அதுங்களே முடிவு பண்ணட்டும் லா" என்றார். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த வாண்டுகளோடு மாரடிப்பது யார்?

சண்டை போட்டுக்கொண்டு தாங்களே பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று நினைத்து, "எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்றேன். ஒருவரும் சண்டை போடவில்லை. பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு கிழக்குச் சன்னல் வெயிலுக்குப் போய்விட்டார்கள். வெயில் நகர நகர பெஞ்சும் நகர்ந்தது. நான் மட்டும் கரும்பலகைப் பக்கம், சுவெட்டருக்குள் வெடவெடத்துக்கொண்டு, விறைத்த விரலில் சாக்கட்டி நிற்காமல் நின்றேன். டீச்சர் போய் வெயில் காய்வதா? இதில் நல்ல வெயில் விழும் ஒரு இடத்தைத் தினமும் காலியாக விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்பு. ஏதோ வால்தனம் என்று விட்டுவிட்டேன்.

மேற்பார்வையாளர் வந்த அன்று, "இன்னிக்கு ஒரு நாள் வரிசையா உக்காந்து என் மானத்தக் காப்பாத்துங்க" என்று கெஞ்சினேன். சமர்த்தாக உட்கார்ந்தார்கள். கீழே வெயில் ஊரிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்திருந்த மனிதர், கையைத் தேய்த்தார், தோளைக் குறுக்கினார், மெல்ல நாற்காலியை இழுத்துக்கொண்டு சன்னல் வெயிலில் போய் உட்கார்ந்தார். வகுப்பே அவரைப் பார்த்தது. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், அது எங்க டீச்சர் எடம்."

எனக்கு உயிரே போய்விட்டது.

"உங்க டீச்சர் அங்கதானே நிக்கிறாங்க?" என்றார் அவர்.

"நாங்க தெனமும் எடம் போட்டுத்தான் வைக்கிறோம் சார். அவங்கதான் வரமாட்டேங்கறாங்க. குளிர்ல கை நடுங்கி எழுத்தெல்லாம் கோணலா வருது."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிள்ளைகள் என்னைக் கேட்காமலே பெஞ்சுகளை வெயிலுக்குத் தூக்கினார்கள். அவர் என்ன எழுதினாரோ, பிறகு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் வேலையை நினைக்கவில்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, முதுகில் வெயில் பட்டதும் அழுகை வந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க டீச்சர்," என்றாள் அந்த முன்பெஞ்சுப் பெண். "சாருக்கும் குளிருது."